அறுபத்து நாலரை மஸ்டாங்: பிறந்த மாதத்தைத் தகட்டில் தேடுவதும் மதுரை வெயிலில் ஓட்டுவதும்

வாங்கப் போகும் பழைய மஸ்டாங் காரின் ஆர்.சி. புக்கில் "1964 மாடல்" என்று எழுதியிருந்தால், அது அந்தக் காரைச் செய்த அமெரிக்க ஃபோர்டு கம்பெனி சொன்ன வருஷம் அல்ல. 1964 மாடல் மஸ்டாங் என்று ஃபோர்டு ஒரு வண்டியைக்கூடச் செய்யவில்லை. 1964 மார்ச் 9-ஆம் தேதி டியர்பார்ன் ஆலையில் உற்பத்தி தொடங்கியது; ஏப்ரல் 17-ஆம் தேதி வண்டி விற்பனைக்கு வந்தது. அன்று வெளியே வந்த முதல் வண்டிக்கும் 1965 மாடல் எண்தான். அந்த ஆகஸ்டு நடுவில் என்ஜின்கள், சார்ஜிங், சின்னச் சின்னச் சாமான்கள் என்று பலதையும் மாற்றினார்கள். மாற்றத்துக்கு முந்திய ஐந்து மாத வண்டிகளைத்தான் விரும்பிகள் "அறுபத்து நாலரை" என்கிறார்கள். விலையில் அந்த அரைக்கு ஒரு மதிப்பு உண்டு. அதனாலேயே விற்பவர் எல்லோரும் தங்கள் வண்டியை அரை வருஷம் முன்னுக்குத் தள்ளுகிறார்கள்.

பார்க்கப் போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: டார்ச், கையகலக் கண்ணாடி, மென்மையான பென்சில், மெல்லிய வெள்ளைத்தாள், கொஞ்சம் தின்னர், பழைய வேட்டித் துணி, காந்தம். எமரி தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அடித்த எண்ணின் மேல் எமரி தேய்த்த வண்டியை எந்த அதிகாரியும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

முதலில் ஒரு சொல்: கீழே வரும் எழுத்துகளில் "டி" என்றால் ஆங்கில வரிசையின் நான்காவது எழுத்து, "டீ" என்றால் இருபதாவது. தமிழில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதால் தரகர் போனில் சொல்லும்போதே குழப்பம் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

அடித்த எண்

முன் கண்ணாடிக்குக் கீழே எண் தேட வேண்டாம். அந்த வழக்கம் 1968 மாடலில்தான் வந்தது. இந்த வண்டிகளில் எண், என்ஜின் அறைக்குள் ஓட்டுநர் பக்கத்து உள்தகட்டின் (ஃபெண்டர் எனும் மட்கார்டுக்கு உள்ளே நிற்கும் தகடு) மேல்விளிம்பில் அடிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க வண்டி என்பதால் ஓட்டுநர் பக்கம் என்றால் இடப்பக்கம். எண் தெரிவதற்காகவே மேலே மூடும் ஃபெண்டர் உதட்டில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். பெயின்ட் மொத்தையாக இருந்தால் தின்னர் தொட்ட துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். பிறகு தாளை வைத்துப் பென்சிலால் உரசுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேஸிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்கும் அதே வேலைதான். கண்ணுக்குத் தெரியாத திருத்தம் தாளில் தெரியும்: எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, சுற்றிலும் அரைத்த தடமோ வெல்டிங் வரியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெண்டரைக் கழற்றினால் மறைவில் இதே எண் மறுபடி அடித்திருக்கும். பேரம் பெரிதென்றால் கழற்றிப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

உதாரணமாக 5எஃப்07எஃப்118342 என்று இருந்தால்: 5 என்பது 1965 மாடல். அடுத்த எஃப், டியர்பார்ன் ஆலை. ஆர் என்றால் சான் ஹோசே. அங்கே 1964 ஜூலையில்தான் மஸ்டாங் தொடங்கியது. டீ என்றால் மெட்டுச்சன்; அங்கே 1965-இல்தான். ஆக, இரண்டாம் இடத்தில் டீ இருக்கும் வண்டியை அறுபத்து நாலரை என்று யாராவது சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். 07 கூரை வண்டி, 08 கன்வர்ட்டிபிள் (மடக்கும் கூரை), 09 ஃபாஸ்ட்பேக் (பின்னால் வரை சரியும் கூரை). ஃபாஸ்ட்பேக்கும் ஆகஸ்டு மாற்றத்துக்குப் பிறகு வந்த உடல்தான்.

அடுத்த எழுத்து என்ஜின். முடிவைச் சொல்வது இதுதான். யூ என்றால் 170 கன அங்குல ஆறு சிலிண்டர், 101 குதிரைத்திறன். எஃப் என்றால் 260 வி8 (எட்டு சிலிண்டர்), 164. டி என்றால் நான்கு பேரல் (காற்றுத் தொண்டை) கார்புரேட்டர் வைத்த 289 வி8, 210. இந்த மூன்றும் தொடக்க மாத வண்டிகளுக்கே உரியவை. டீ (200 ஆறு சிலிண்டர், 120), சி (289 இரண்டு பேரல், 200), ஏ (289 நான்கு பேரல், 225) மூன்றும் மாற்றத்துக்குப் பிந்தியவை. கே மட்டும் இரண்டு பக்கமும் வரும்: 271 குதிரைத்திறன், 1964 ஜூன் முதல். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண், 100001-இல் தொடங்கும்.

ஆர்.சி. புக்கில் இந்த எண்ணை ஒருமுறை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். முதல் 5 எஸ் ஆகியிருப்பதும், சுழியம் ஓ ஆகியிருப்பதும் அதிகம். கையால் எழுதிய பழைய புத்தகத்திலிருந்து கணினிக்கு ஏற்றும்போது வரும் பிழை இது. வாங்கும் முன் விற்பவர் பெயரிலேயே திருத்திக்கொள்வது சுலபம். வாங்கிய பிறகு நீங்கள்தான் அலைய வேண்டும்.

கதவுத் தகடு

ஓட்டுநர் கதவின் பின்விளிம்பில் ரிவெட் அடித்த சின்ன அலுமினியத் தகடு இருக்கும். உடல், நிறம், உள்துணி, தேதி, விற்பனை மாவட்டம், பின் அச்சு, கியர்பாக்ஸ் என்று வரிசையாகக் குறிகள். உடலில் 65ஏ என்றால் சாதாரணக் கூரை வண்டி, 76ஏ கன்வர்ட்டிபிள். நிறம் எம் என்றால் விம்பிள்டன் ஒயிட். கியர்பாக்ஸ் 1 என்றால் மூன்று கியர், 5 என்றால் நான்கு கியர், 6 என்றால் சி4 ஆட்டோமேட்டிக்.

தேதியில் முதலில் நாள், பிறகு மாத எழுத்து. ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று போய் ஆகஸ்டு எச். ஐ என்ற எழுத்தை விட்டுவிடுவார்கள். செப்டம்பர் ஜே, டிசம்பர் எம். "12இ" என்றால் மே 12. இதில் வருஷம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாதத்தைத் தகடு சொல்லும், எந்த வருஷத்து மாதம் என்பதை என்ஜின் எழுத்தும் வரிசை எண்ணும் சொல்லும். மேலும் இது ஆலை திட்டமிட்ட தேதி. வண்டி இறங்கிய நாள் சில நாள் தள்ளியிருக்கலாம்.

இந்தத் தகட்டை நம்பி மட்டும் காசு கொடுக்காதீர்கள். கதவைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டலாம். புதுத் தகடும் அடித்து வாங்கலாம். தகட்டுக்கும் உள்தகட்டு எண்ணுக்கும் முரண் வந்தால் உள்தகடு சொல்வதே செல்லும்.

வார்ப்புத் தேதி

வண்டி எப்போது பிறந்தது என்பதற்கு மிக நேர்மையான சாட்சி இரும்புதான். ஃபோர்டு வார்ப்புகளில் பாக எண்ணும் தேதியும் தனித்தனியே எழும்பி நிற்கும். பாக எண்ணில் சி4 என்றால் (மேலே சொன்ன ஆட்டோமேட்டிக் சி4 வேறு) 1964-க்கு வடிவமைத்தது, சி5 என்றால் 1965-க்கு. இது வடிவமைத்த வருஷம், வார்த்த நாள் அல்ல. வார்த்த நாள் "4டி12" போல இருக்கும்: 1964, ஏப்ரல், 12.

வி8-இல் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடல்) தேதி வலப்பக்கம் ஸ்டார்ட்டருக்கு மேலே. எண்ணெய் அழுக்குப் பிடித்திருக்கும். கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தல் - இந்த மூன்றும் போதும். ஹெட் தேதி வால்வ் கவரைக் கழற்றினால் தெரியும். விதி எளிது: பாகத்தின் தேதி வண்டியின் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். சில வாரமோ ஓரிரு மாதமோ முந்தினால் நல்லது. வண்டி மே 12, பிளாக் ஏப்ரல் 3 என்றால் பிறந்த என்ஜின் என்று நம்ப இடமுண்டு. பிளாக் அக்டோபர் என்றால் அது பின்னால் வந்து உட்கார்ந்தது. விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் குழந்தைக்குப் பிறகு தாய் பிறக்க முடியாது. கே என்ஜினில் மட்டுமே வண்டி எண்ணை பிளாக்கிலும் அடித்தார்கள். மற்றவற்றில் "நம்பர் மேட்சிங்" (வண்டி எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்று) என்று சொன்னால் எந்த நம்பர் என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு சோதனைக்கு அழுக்குகூடத் துடைக்க வேண்டாம். வண்டிக்கடியில் படுத்து, என்ஜினையும் கியர்பாக்ஸ் மணியையும் (கியர்பாக்ஸின் முன்னுள்ள மணி வடிவக் கூடு) சேர்க்கும் போல்ட்டுகளை எண்ணுங்கள். தொடக்க வி8 பிளாக்குகளில் 5, ஆகஸ்டு மாற்றத்துக்குப் பின் 6. வாங்கிய பிறகும் இந்த எண்ணிக்கை முக்கியம்: 6 போல்ட் கியர்பாக்ஸ் 5 போல்ட் பிளாக்கில் நேரடியாக உட்காராது. வெளிநாட்டிலிருந்து மணியை வரவழைக்கும்போது இதைச் சொல்லாமல் விட்டால் கப்பல் கூலி வீண்.

கண்ணால் பார்க்கும் அடையாளங்கள்

ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக ஜெனரேட்டர். டேஷ்போர்டு விளக்கில் "ஆல்ட்" இல்லாமல் "ஜென்" என்ற எழுத்து. ஜெனரேட்டரைத் தூக்கி ஆல்டர்னேட்டர் வைத்தவர்கள் நிறைய. ஆனால் டேஷ்போர்டை யாரும் மாற்ற மெனக்கெடுவதில்லை. அதனால் "ஜென்" விளக்கு நல்ல சாட்சி. ஹார்ன் ரேடியேட்டருக்குப் பின்னால் சட்டத்தின் மேல் இருக்கும். ஆரம்ப வண்டிகளில் பயணியின் முன்சீட் நகராது. முன் ஃபெண்டரில் உள்ள "மஸ்டாங்" எழுத்து வரிசை ஏறக்குறைய 111 மில்லிமீட்டர் நீளம். பிறகு 127 ஆனது.

பானட்டின் முன்விளிம்பையும் பாருங்கள். தொடக்க பானட்டில் விளிம்பு கூராகச் சரிந்து முடியும், பின்னால் வந்ததில் மடித்து உருட்டியிருக்கும். ஹெட்லைட் கூடும் அதற்கேற்றபடி மாறியது. ஒரு காலத்துப் பானட்டும் மறு காலத்துக் கூடும் சேர்ந்தால் ஓரத்தில் இடைவெளி கோணலாக விழும். அந்த மூலையில் எப்போதோ அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். காந்தத்தை அங்கே வைத்துப் பாருங்கள். பட்டி மொத்தையாக இருந்தால் ஒட்டாது.

"ஜி.டீ." பட்டை, ஓடும் குதிரை அச்சிட்ட சீட் உறை இரண்டும் 1965 வசந்தத்தில்தான் வந்தன. அறுபத்து நாலரையில் அவை இருந்தால் அழகுக்கு வைத்தது. விலைக்குக் காரணம் ஆகாது. எதிர்மாறாக, ஃபெண்டரில் "மஸ்டாங்" எழுத்தே இல்லாத வண்டியைக் கண்டால் உடனே குறை சொல்ல வேண்டாம். ஜெர்மனியில் அந்தப் பெயர் வேறொரு கம்பெனி கையில் இருந்ததால் அங்கே "டீ-5" என்ற பெயரில்தான் விற்றார்கள்.

சக்கர நட்டுகளை எண்ண மறக்காதீர்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்கு 4, வி8-க்கு 5. எண்ணில் யூ, பானட்டுக்குள் வி8, சக்கரத்தில் 4 நட்டு என்றால் என்ஜினை மட்டும் மாற்றி, பிரேக்கையும் பின் அச்சையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். இது விலைப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஒரு குடம் தண்ணீர்

இந்த வண்டிகளின் தீராத நோய் வைப்பருக்கு அடியில் உள்ள காற்றுப்பெட்டியில். மேலிருந்து விழும் மழைநீர் அதற்குள் போய்ப் பக்கவாட்டில் வடிய வேண்டும்; உள்ளே காற்று வரும் துவாரத்தைச் சுற்றித் தகடு அரித்துவிட்டால் தண்ணீர் நேராகக் கால்வைக்கும் இடத்துக்கு இறங்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன்பக்கக் கார்ப்பெட்டை இருபுறமும் தூக்கிவிட்டு, கண்ணாடிக்கு முன்னுள்ள ஜாலியில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி. ஒருவர் உள்ளே டார்ச்சோடு குனிந்திருக்கட்டும். தரைத்தகட்டில் சொட்டு விழுந்தால் காற்றுப்பெட்டி போய்விட்டது. அதைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். நல்ல டிங்கருக்கே பல நாள் வேலை. சிலிக்கான் பூசி மறைத்திருந்தால் ஐப்பசி மழை காட்டிக்கொடுத்துவிடும்.

மதுரையின் காய்ந்த காற்றில் தகடு நன்றாகவே தாங்கும். ஆனால் வண்டி கடற்கரை ஊரில் எத்தனை வருஷம் நின்றது என்று கேளுங்கள். பேட்டரிக்கு அடித்தகடு, முன்சட்டம், டிக்கித் தரை ஆகியவற்றைக் குத்திப் பாருங்கள். இந்த வண்டியில் 60 லிட்டர் டேங்கின் மேல்தகடேதான் டிக்கித் தரை. அங்கே ஓட்டை என்றால் பெட்ரோல் வாசனை வண்டிக்குள்ளேயே வரும்.

பதிவு

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருஷம், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். படிவம் 20, இன்ஷூரன்ஸ், வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் சுங்க நுழைவுச் சீட்டு, இங்கே ஏற்கெனவே பதிந்ததென்றால் பழைய ஆர்.சி. வேண்டும். புதிதாகப் பதியும் வண்டி எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு "வி.ஏ." வரும், இங்கேயே பழைய எண் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம். டீ.என். எழுத்தே பிறக்காத காலத்துப் பழைய எண் என்றால், யார் சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு கட்டுப்பாடு உண்டு: விண்டேஜ் பதிவில் தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் சாலையில் குடும்பத்தோடு போக ஆசை என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள். என்ஜின் மாற்றிய வண்டிக்கு விண்டேஜ் கேட்டால் சிக்கல் வரும்; வார்ப்புத் தேதியை வாங்கும் முன்பே பார்க்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மதுரையில் ஓட்ட

முதலில் தண்ணீர். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. குளியலறைக் குழாயில் படியும் அதே வெள்ளை உப்பு பிளாக்கின் பின் சிலிண்டர்களைச் சுற்றிப் படிந்து, முன்னால் மீட்டர் சரியாகக் காட்டும்போதே பின்னால் கொதிக்கும். வி8-க்கு ஏறக்குறைய 14 லிட்டர் பிடிக்கும்: 7 லிட்டர் கூலன்ட், 7 லிட்டர் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர். பழைய உப்பு இருந்தால் பிளாக்கின் இரண்டு பக்கத்து வடிகால் பிளக்குகளையும் திறந்து கழுவுங்கள். ரேடியேட்டரை மட்டும் கழுவுவது அரை வேலை. மூன்று வரிசை ரேடியேட்டர், 82 டிகிரி தெர்மோஸ்டாட் போதும். தெர்மோஸ்டாட்டையே பிடுங்கிவிடுவது நம் பட்டறைகளின் பழைய பழக்கம். அதனால் சூடு குறையும் என்று நம்பாதீர்கள். கத்திரி வெயிலில் சிக்னலில் சூடேறுகிறதென்றால் முதலில் ஃபேன் கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பெட்ரோல். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால். 1964 ரப்பருக்கு எத்தனால் ஆகாது: குழாய் ஊறிப் பிசுபிசுக்கும், பம்ப் டயாஃப்ரம் கிழியும், வருஷக்கணக்கான டேங்க் துரு கரைந்து கார்புரேட்டருக்கு வரும். பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பம்ப், நீடில் வால்வ் இரண்டுக்கும் அதே ரகத்தில் ரிப்பேர் கிட் கிடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் அதே காற்றுக்கு அதிகம் தேவை. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 சுமார். அதனால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஒன்றிரண்டு எண் பெரிதாக்குங்கள். பிளக் முனை வெளுத்திருந்தால் இன்னும் பட்டினி. வெளிர் பழுப்பு வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இந்தப் பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியும். நிறுத்தப் போகிறீர்கள் என்றால் எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் கிடைக்கும் இடத்தில் நிரப்பிவிட்டு நிறுத்துங்கள்.

மதியம் கடையில் கால் மணி நேரம் நிறுத்தி வந்தால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடாதீர்கள், இன்னும் வழியும். ஒரே மிதியாகத் தரைவரை அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். நிரந்தரத் தீர்வு, கார்புரேட்டருக்கு அடியில் அரை அங்குல வெப்பம் கடத்தாத ஸ்பேசர்.

டைமிங் பார்க்கும் மெக்கானிக்கிடம் 260, 289 இரண்டுக்கும் தீப்பொறி வரிசை 1-5-4-2-6-3-7-8 என்று எழுதிக் கொடுங்கள். பிந்திய சில ஃபோர்டு வி8-களுக்கு வரிசை வேறு. போனில் தேடி அந்தப் படத்தைப் பார்த்து மாட்டினால் கார்புரேட்டர் வழியே வெடிக்கும். வலப்பக்கம் முன்னிருந்து 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. பாயின்ட் இடைவெளி 0.017 அங்குலம், பிளக் 0.034.

எண்ணெய் விஷயத்தில் பெட்ரோல் காருக்கான புதிய மெல்லிய எண்ணெயை வாங்க வேண்டாம். கேம் தட்டையான டாப்பெட் மேல் உரசுவதால் துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் வேண்டும். லாரிக்குப் போடும் சி.ஐ.-4 ரக 15டபிள்யூ-40 சரியாக வரும், ஃபில்ட்டரோடு 4.7 லிட்டர். வி-பெல்ட்டுக்கு அமெரிக்காவுக்கு எழுத வேண்டியதே இல்லை. கோச்சடையில் ஃபென்னர் ஆலை இருக்கும் ஊர் இது. பழைய பெல்ட்டைக் கொண்டுபோய் அகலத்தையும் சுற்றளவையும் அளந்து வாங்குங்கள்.

ஜெனரேட்டரை வைத்தே ஓட்டுவதென்றால் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐடிலில் அது ஏறக்குறைய சார்ஜ் செய்யாது. "ஜென்" விளக்கு மினுக்கினால் பழுது அல்ல. கோரிப்பாளையத்தில் இரவு நெரிசலில் ஹெட்லைட்டோடு அரைமணி ஊர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். நின்ற இடத்தில் பார்க்கிங் லைட் போதும்.

பிரேக் நான்கும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஃபுளூயிட் மாற்றி, நான்கு டிரம்மையும் கழற்றிச் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்ப்பது கட்டாயம். கொடைக்கானல் இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வாருங்கள். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பெடல் வெறுமனே இறங்கும். இடப்பக்க ஸ்டியரிங்கோடு நான்குவழிச் சாலையில் பஸ்ஸை முந்தப் பக்கத்து சீட்டில் ஒரு ஆள் தேவை. அகலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 1732 மில்லிமீட்டர், இன்னோவாவைவிடச் சின்ன வண்டி.

கடைசியாக ஸ்பேனர். இதில் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலத் தலைக்கு 13 எண் ஸ்பேனர் கிட்டத்தட்ட உட்காரும், 0.3 மில்லிமீட்டர் லூஸ். இறுகிய போல்ட்டில் அந்த லூஸ் போதும், தலை உருண்டுவிடும். 9/16 அங்குலத் தலைக்கு 14 எண் ஏறவே ஏறாது, சுத்தியால் தட்டி ஏற்றுவார்கள். அங்குல அளவு ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவிடுங்கள். அதே மரையில் போல்ட் வேண்டுமென்றால் கார் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்காவிட்டாலும், பழைய மாஸ்ஸி டிராக்டருக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய் நட்டைக் கையாலேயே கடைசிவரை சுற்றிப் பார்த்து வாங்க வேண்டும்.